லாபம் கம்பெனிக்கு, வெறும் ஓடுபாதை ஊருக்கு!

(சேலத்தில் தொழிலாளர் அரசியல் வகுப்பு ஒன்றில் கட்சியின் முழுநேர ஊழியர் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தோழர்களே!

இன்றைய வகுப்புக்கு எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டதும் உங்களில் சிலர் சிரித்தீர்கள். "நாம் டவுன் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர்கள். விமானம் வந்தால் என்ன, நின்றால் என்ன? அது பணக்காரன் பிரச்னை அல்லவா?" என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

விமானத்தில் ஏறுகிறவன் யாராகவும் இருக்கட்டும். அது வந்து இறங்கும் நிலம் யாருடையது? விவசாயியுடையது. ஓடுபாதை போட்ட பணம் யாருடையது? ஜனங்களுடையது. விமானம் நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, குனிந்து நுழைந்து, பெட்டிகளை எடைபார்த்து அடுக்கி, கழிவறையைச் சுத்தம் செய்து, மறுபடி பறக்க விடுகிறவன் யார்? நம்மைப் போன்ற தொழிலாளி. நிலமும் பணமும் உழைப்பும் நம்முடையது. லாபமும் முடிவும் மட்டும் கம்பெனியுடையது. ஆகவே இது நம்முடைய பிரச்னைதான்.

இந்தியா முழுவதும் சின்ன விமான நிலையங்களில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, கம்பெனிகள் வருகின்றன. சலுகை தீர்ந்ததும் சேவையைக் குறைக்கின்றன, அல்லது போய்விடுகின்றன. இரண்டு, இருக்கும் காலத்திலும் தரைப்பணியைத் தாங்களே ஆள் வைத்துச் செய்யாமல் வேறு கம்பெனிக்கும் காண்டிராக்டருக்கும் தள்ளிவிடுகின்றன. இவை தனித்தனி விஷயங்களாகத் தோன்றும். இல்லை, இரண்டும் ஒன்றே. எந்த நிமிஷமும் பொறுப்பில்லாமல் எழுந்து போகும் உரிமையை முதலாளி தன் கையில் வைத்துக்கொள்வது, அதன் கஷ்டத்தை ஊரின் தலையிலும் தொழிலாளியின் தலையிலும் கட்டுவது. இதுதான் அந்த ஒன்று.

நம் ஊர்க் கதை

வெகு தூரம் போகவேண்டாம். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் நம்முடைய விமான நிலையத்தையே பாருங்கள். 1993-ல் திறந்தார்கள். ஒரு தனியார் கம்பெனி சிறிது காலம் ஓட்டியது; நிறுத்தியது. பிறகு ஆண்டுக்கணக்கில் ஓடுபாதை வெயில் காய்ந்தது. 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது, 2011-ல் போய்விட்டது. அந்தக் கம்பெனியே 2012-ல் மூடப்பட்டது. ஊழியர்களின் சம்பளப் பாக்கி என்ன ஆயிற்று, முதலாளி எந்த நாட்டுக்குப் போனார் என்பது நாடறிந்த கதை. மறுபடி ஏழாண்டு சூன்யம். 2018 மார்ச்சில் 'உடான்' திட்டத்தின் கீழ் ட்ரூஜெட் வந்தது. 2021-ல் அதுவும் நின்றது. அடுத்த ஆண்டு அந்தக் கம்பெனியின் விமானங்கள் எல்லா இடங்களிலும் பறப்பதை நிறுத்திவிட்டன. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ விமானங்கள் வந்தன.

முப்பது ஆண்டுகளில் எத்தனை திறப்பு விழா, எத்தனை மாலை, எத்தனை மந்திரிகள்! ஒவ்வொரு முறையும் "சேலம் உலகத்தோடு இணைந்தது" என்று பிரசங்கம். ஒவ்வொரு முறை நின்றபோதும் ஒருவரும் வந்து ஊருக்குக் காரணம் சொல்லவில்லை.

இதே நிலையத்தை விஸ்தரிக்க 2018-ல் சுமார் 570 ஏக்கர் நிலம் கேட்டார்கள். காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி விவசாயிகள் எதிர்த்து நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று போகம் விளையும் மண்ணைக் கொடு என்று விவசாயியிடம் உத்தரவு போடத் தெரிந்த சர்க்காருக்கு, மூன்றாண்டு தொடர்ந்து ஓட்டு என்று கம்பெனியிடம் உத்தரவு போடத் தெரியவில்லை!

தணிக்கை அதிகாரியின் கணக்கு

இது சேலத்துக்கு மட்டும் வந்த கெட்ட காலம் அல்ல. 2016-ல் மத்திய சர்க்கார் 'உடான்' திட்டத்தை அறிவித்தது. சாதாரண மனிதனும் பறக்கலாம் என்று பேச்சு. முதல் விமானத்தை 2017 ஏப்ரல் 27-ல் சிம்லாவில் பிரதமரே கொடியசைத்து அனுப்பினார்.

திட்டத்தின் சூத்திரம் என்ன? சுமார் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று பாதி இருக்கைகளுக்கு உச்சவரம்பு. அதனால் வரும் நஷ்டத்தை மூன்றாண்டு காலம் சர்க்கார் ஈடுகட்டும். பெரிய தடங்களில் பறக்கும் விமானங்கள் மீது ஒரு வரி போட்டு அதற்கு நிதி திரட்டும். மாநில சர்க்கார் தன் பங்காக நூற்றுக்கு இருபது தரவேண்டும். போலீஸும் தீயணைப்பும் இலவசமாகத் தரவேண்டும். எரிபொருள் வரியைக் குறைக்கவேண்டும். விமானம் இறங்கக் கட்டணம் இல்லை, நிறுத்தக் கட்டணம் இல்லை. "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்பார்களே, அதுதான்.

இவ்வளவும் கொடுத்துக் கிடைத்தது என்ன? நான் சொல்லவில்லை, இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி 2023-ல் பார்லிமெண்டில் வைத்த அறிக்கை சொல்லுகிறது. மூன்றாம் சுற்று வரையில் கம்பெனிகளுக்கு ஒதுக்கப்பட்ட தடங்கள் 774. அவற்றில் 403 தடங்களில் ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை. பறக்கத் தொடங்கிய 371-ல் மூன்றாண்டு சலுகைக் காலத்தை முழுதாக ஓட்டியவை 112. சலுகை முடிந்த பிறகும், 2023 மார்ச்சில் நின்று நிலைத்தவை 54. எழுநூற்று எழுபத்து நாலில் ஐம்பத்து நாலு! நூற்றுக்கு ஏழு!

நம் பள்ளிக்கூடத்துப் பையன் நூற்றுக்கு ஏழு வாங்கினால் வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றுவார். இங்கே பாராட்டுக் கூட்டம் நடத்துகிறார்கள்.

கம்பெனிகள் சொல்லும் காரணங்கள்

கம்பெனிகள் சொல்லுவது எல்லாம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். எழுபது இருக்கை உள்ள சிறிய விமானத்தில் ஓர் இருக்கைக்கு ஆகும் செலவு பெரிய விமானத்தைவிட அதிகம். எரிபொருள் விலை ஏறுகிறது. விமானத்தை வாடகைக்கு எடுத்தால் டாலரில் கட்டவேண்டும். எஞ்சின் கிடைக்காமல் விமானங்கள் தரையில் நிற்கின்றன. இவை மெய்.

ஆனால் இதிலிருந்து என்ன முடிவுக்கு வரவேண்டும்? சிறிய ஊருக்கு விமானம் விடுவது வியாபாரமாகக் கட்டாது, அது ஒரு பொதுச் சேவை என்ற முடிவுக்கு. மலையடிவாரத்துக் கிராமத்துக்குப் போகும் கடைசி பஸ் லாபத்துக்கா ஓடுகிறது? காலிப் பஸ்ஸாகப் போய்த் திரும்பினாலும் மறுநாளும் போகிறது. ஏன்? 1970-களில் பஸ் தடங்களைத் தனியாரிடமிருந்து எடுத்து அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் அமைத்ததால். கூட்டமான தடத்தின் வருமானம் கூட்டமில்லாத தடத்தைத் தாங்குகிறது. லாபத் தடத்தைத் தனியாருக்குக் கொடுத்து, நஷ்டத் தடத்துக்கு மட்டும் பொதுப்பணம் என்றால், அந்தப் பணம் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்.

விமானத்திலும் இந்தப் பாடம் புதிதல்ல. சுதந்திரம் வந்த காலத்தில் நாட்டில் பல தனியார் விமானக் கம்பெனிகள் போட்டி போட்டு நஷ்டத்தில் முழுகின. 1953-ல் பார்லிமெண்டில் சட்டம் போட்டு, எட்டுக் கம்பெனிகளை ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பரேஷனை அமைத்தார்கள். வடகிழக்கு மாநிலங்களுக்கும் சின்ன ஊர்களுக்குமாக 1981-ல் பொதுத்துறையில் வாயுதூத் வந்தது. அதைச் சீராக நடத்தாமல் நலியவிட்டு, 1993-ல் இந்தியன் ஏர்லைன்ஸோடு சேர்த்து முடித்தார்கள். 1994-ல் 1953-ம் வருஷத்துச் சட்டத்தையே ரத்து செய்தார்கள். வானம் திறந்துவிட்டது என்றார்கள். திறந்தது யாருக்கு? 2022 ஜனவரி 27-ல் ஏர் இந்தியாவே டாட்டா கையில் போய்ச் சேர்ந்தது. இன்று உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் இண்டிகோ என்ற ஒரே கம்பெனியின் கையில். 2025 டிசம்பரில், விமானிகளுக்குப் போதிய ஓய்வு தரவேண்டும் என்ற விதிக்கு ஏற்ப அந்தக் கம்பெனி ஆள் தயார் செய்து வைக்கவில்லை. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. விதியை மீறிய கம்பெனிக்காக விதியே தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டது! ஏகபோகம் என்றால் என்ன என்று புஸ்தகத்தில் தேடவேண்டியதில்லை, தோழர்களே.

தரையில் நிற்பவன்

இனி தரைப்பணிக்கு வருவோம்.

ஒரு விமானம் இறங்கி மறுபடி புறப்பட அரை மணி நேரம் என்று வையுங்கள். அந்த அரை மணிக்குள் படிக்கட்டு வைத்து ஆளை இறக்கவேண்டும். பெட்டிகளை இறக்கவேண்டும், ஏற்றவேண்டும். முன்பாரம் பின்பாரம் கணக்குப் பார்க்கவேண்டும். உள்ளே கூட்டித் துடைக்கவேண்டும். நடக்க முடியாதவரைச் சக்கர நாற்காலியில் கொண்டு வரவேண்டும். பெரிய நிலையத்தில் இவற்றுக்குத் தனித்தனி ஆள். சின்ன நிலையத்தில் டிக்கட் சரிபார்த்த கையே பெட்டியும் தூக்கும். வெயிலில் அந்தச் சிமெண்டுத் தளம் அடுப்புக் கல்லாகக் காயும். காதைப் பிளக்கும் சத்தம். ஓடும் விசிறிக்குப் பக்கத்தில் ஓர் அடி தவறினால் உயிர் போகும். பயணியின் உயிரும் இந்தத் தொழிலாளியின் கவனத்தில் இருக்கிறது.

இப்படிப்பட்ட வேலையை ஏன் காண்டிராக்டுக்கு விடுகிறான்? டெண்டர் கூப்பிடுகிறான், குறைந்த விலை சொன்னவனுக்குக் கொடுக்கிறான். குறைந்த விலை எப்படிச் சொல்ல முடியும்? டிராக்டர் விலை குறையாது. டீசல் விலை குறையாது. குறைக்கக்கூடியது ஒன்றே ஒன்று: ஆள் எண்ணிக்கையும் ஆளின் கூலியும். ஆறு பேர் செய்ததை நாலு பேர் செய்யவேண்டும். பத்து வருஷம் வேலை செய்தவனும் புதிதாக வந்தவனும் ஒரே கூலி வாங்கவேண்டும். காண்டிராக்ட் மாறும்போது அவன் சர்வீஸ் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பமாகும். விமானக் கம்பெனி ஊரைவிட்டுப் போனால் அவனுக்கு நோட்டீஸ்கூட இல்லை. "உன் முதலாளி நாங்கள் அல்லவே!" என்று கைகழுவிவிடலாம். எழுந்து போகும் உரிமை என்று நான் முன்னே சொன்னது இதுதான்.

ஏர் இந்தியாவைப் பாருங்கள். முதலில் தரைப்பணியைத் தனிக் கம்பெனியாகப் பிரித்தார்கள். தாய்க் கம்பெனியை விற்றபின்னும் அந்தத் தரைப்பணிக் கம்பெனி சர்க்கார் வசமே இருக்கிறது. அங்கே நிரந்தர வேலையா? இல்லை, குறித்த கால ஒப்பந்தம். 2024 ஜூலையில் மும்பை நிலையத்துக்கு 2,216 பேர் வேண்டும் என்று விளம்பரம் செய்தது. மாதம் இருபதாயிரத்துச் சொச்சம் சம்பளம், பெட்டி தூக்கும் வேலை. 25,000 பேருக்கு மேல் வந்து குவிந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. பட்டதாரிகள் வந்தார்கள், பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வந்தார்கள், நெரிசலில் மூச்சுத் திணறினார்கள். சொந்த ஊரில் வேலை இருந்தால் எவன் அங்கே போய் நெரிபடுவான்? சிற்றூர் நிலையத்தில் விமானத்தை நிறுத்துகிறவன் அந்த ஊர் வாலிபனைப் பெருநகரத்து வரிசைக்குத் துரத்துகிறான். அந்த வரிசை நீள நீள, பெருநகரத்திலும் கூலி குறைகிறது.

2025 மே மாதம் இன்னொன்று நடந்தது. செலபி என்ற தரைப்பணிக் கம்பெனியின் பாதுகாப்பு அனுமதியை மத்திய சர்க்கார் ரத்து செய்தது. ஒன்பது நிலையங்களில் அதனிடம் சுமார் 10,000 இந்தியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். சர்க்காருக்கும் கம்பெனிக்கும் உள்ள வழக்கு எப்படியும் இருக்கட்டும். தொழிலாளி செய்த குற்றம் என்ன? முதல் நாள் ஒரு சட்டை, மறுநாள் வேறு கம்பெனியின் சட்டை. அதே விமானம், அதே பெட்டி, அதே வெயில். எஜமானன் மாறியும் வேலை ஒரு நாள்கூட நிற்கவில்லை என்றால் அது நிரந்தரமான வேலை அல்லவா? நிரந்தரமான வேலைக்கு ஏன் நிரந்தரமில்லாத தொழிலாளி?

சட்டம் சொன்னதும், சட்டம் மாறியதும்

இந்தக் கேள்வியை நம் முன்னோடிகள் கேட்டுப் போராடித்தான் 1970-ல் காண்டிராக்ட் தொழிலாளர் சட்டம் வந்தது. நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் காண்டிராக்ட் முறையைச் சர்க்கார் தடை செய்யலாம் என்று அது சொல்லிற்று. விமானத் துறைத் தொழிலாளிக்கு இதில் தனிச் சரித்திரமே இருக்கிறது. 1996-ல் ஏர் இந்தியா வழக்கில் சுப்ரீம் கோர்ட், காண்டிராக்ட் முறை தடை செய்யப்பட்ட வேலையில் இருந்த தொழிலாளர்களைப் பிரதான நிர்வாகமே ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று தீர்ப்பளித்தது. பெருக்கிக் கூட்டிய தொழிலாளிகள் வாங்கிய தீர்ப்பு அது! 2001-ல் உருக்கு ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதை மாற்றினார்கள். தடை வந்தால் காண்டிராக்ட் போகும். ஆனால் தொழிலாளிக்குத் தானாக வேலை கிடைக்காது என்றார்கள். நோய் போகும், நோயாளியும் போவான் என்பது போல!

ஆயினும் பாதை முழுக்க அடைபடவில்லை. டில்லி விமான நிலையத்தில் தள்ளுவண்டி திரட்டும் வேலையில் காண்டிராக்ட் முறையை 2004-ல் தடை செய்தார்கள். நிலையம் தனியார் கைக்குப் போன பிறகும் அந்தத் தடை புதிய நிர்வாகத்தையும் கட்டும் என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. தள்ளுவண்டித் தொழிலாளிகள் விடாமல் போராடியதன் பலன் இது.

இப்போது என்ன நிலை? 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமல்படுத்திவிட்டார்கள். 1970-ம் வருஷத்துச் சட்டம் போயிற்று. இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு 20 காண்டிராக்ட் தொழிலாளர் இருந்தாலே சட்டம் தொடும். இனி 50 வேண்டும். சின்ன நிலையத்தில் உள்ளூர்க் காண்டிராக்டரிடம் ஐம்பது பேர் இருப்பார்களா? மற்றது, ஒரு ஸ்தாபனத்தின் பிரதான வேலையில் காண்டிராக்ட் கூடாது என்று எழுதிவிட்டு, துப்புரவு, காவல், ஏற்றி இறக்குதல் முதலியவற்றைப் பொதுவாகப் பிரதான வேலை அல்ல என்று பட்டியல் போட்டு விலக்கிவிட்டார்கள். முன் வாசலில் பூட்டு, பின் வாசல் திறப்பு! பெட்டி ஏற்றாமல் விமானம் பறக்குமா? பறக்காது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது பக்க வேலை என்று வாதாட முதலாளிக்கு இடம் கிடைத்துவிட்டது.

கடல் கடந்த பாடங்கள்

முதலாளித்துவத்தின் தலைநகரமான அமெரிக்காவில் 1978-ல் விமானக் கம்பெனிகள் மீதிருந்த கட்டுப்பாட்டை நீக்கினார்கள். சின்ன ஊர்கள் அனாதையாகும் என்று தெரிந்ததால் கூடவே ஓர் உதவித் திட்டமும் வைத்தார்கள். அதன்கீழ் ஓட்டிக்கொண்டிருந்த ஸ்கைவெஸ்ட் கம்பெனி, 2022 மார்ச்சில், விமானி பற்றாக்குறை என்று சொல்லி, 29 ஊர்களிலிருந்து விலகுவதாக நோட்டீஸ் கொடுத்தது. ஆனால் அங்கே சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. மாற்றுக் கம்பெனி வரும்வரை நீ ஓட்டத்தான் வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட முடியும்; அப்படியே போட்டது. முதலாளித்துவ அமெரிக்காவில் இருக்கும் அந்தப் பிடிகூட இங்கே சேலத்துக்கு இல்லை!

ஆஸ்திரேலியாவில் குவாண்டாஸ் கம்பெனி, கொரோனா நெருக்கடியைக் காரணம் காட்டி, 2020-ல் பத்து நிலையங்களில் தரைப்பணியைக் காண்டிராக்டுக்குத் தள்ளியது. சிட்னி, மெல்போர்ன் மட்டுமல்ல; ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், டவுன்ஸ்வில் போன்ற சிறிய ஊர்களும் அதில் அடக்கம். 1,800 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். அங்கே போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் ஒரு கேள்வி கேட்டது: செலவு குறைக்கவா செய்தாய், அடுத்த ஆண்டு நாங்கள் சம்பளப் பேச்சில் வேலைநிறுத்தம் செய்ய முடியாதபடி தடுக்கவா செய்தாய்? 2021-ல் தீர்ப்பு தொழிலாளர் பக்கம். கம்பெனி மேல்முறையீடு செய்தது; தோற்றது. 2023 செப்டம்பரில் அந்நாட்டு உயர்ந்த கோர்ட்டிலும் தோற்றது. தொழிலாளருக்கு 12 கோடி ஆஸ்திரேலிய டாலர் நஷ்ட ஈடு. 2025 ஆகஸ்டில் அதற்கு மேல் 9 கோடி டாலர் அபராதம்.

பெரும் வெற்றிதான். ஆனால் முழுப் படத்தையும் பாருங்கள். பறிபோன வேலையைத் திரும்பக் கொடுக்கக் கோர்ட் மறுத்துவிட்டது. பணம் வந்தது, வேலை வரவில்லை. காண்டிராக்ட் அப்படியே இருக்கிறது. கோர்ட் நமக்கு ஓர் ஆயுதம். ஆனால் வேலையைக் காப்பது வேலை போவதற்கு முன்பே கட்டிய சங்கம். ஐந்து வருஷம் அந்தத் தொழிலாளிகளைச் சிதறாமல் வைத்ததும் அந்தச் சங்கமே.

நாம் என்ன கேட்கவேண்டும்?

கோரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

ஒன்று: பொதுப்பணம் வாங்கும் கம்பெனி, குறித்த காலம் முழுவதும் ஓட்டவேண்டும். விலகவேண்டுமானால் முன்கூட்டி நோட்டீஸ். மாற்று வரும்வரை சேவை நிற்கக்கூடாது. மீறினால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவேண்டும்.

இரண்டு: இன்னும் பொதுத்துறையில் மிஞ்சியிருக்கும் அலையன்ஸ் ஏர் கம்பெனியை விற்காதே. புது விமானங்கள் கொடு. சிற்றூர்ச் சேவையை அதனிடம் ஒப்படை. லாபத் தடங்களில் பறக்கும் தனியார் அதன் செலவைப் பங்கிட்டுக்கொள்ளட்டும்.

மூன்று: பெட்டி ஏற்றுவது, துப்புரவு, பயணி உதவி ஆகிய தரைப்பணி முழுவதும் நிரந்தர வேலை என்று அறிவி. காண்டிராக்ட் மாறினாலும் ஆளும் சர்வீஸும் கூலியும் மாறக்கூடாது என்பதை டெண்டரிலேயே எழுது.

நான்கு: நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு அந்த நிலையத்தில் வேலை. வாசல் கூட்டும் வேலை மட்டுமல்ல, பயிற்சி கொடுத்து எல்லா வேலையும்.

ஐந்து: 2021-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட பணமாக்கும் பட்டியலில் திருச்சி, மதுரை, கோவை உள்ளிட்ட 25 நிலையங்களைக் குத்தகைக்கு விடத் திட்டமிட்டது. அதைக் கைவிடு. லாபம் தரும் நிலையங்களைத் தனியாருக்குக் கொடுத்துவிட்டால், சேலம் போன்ற நிலையங்களை எந்த வருமானத்தில் தாங்குவது?

இவை காகிதத்தில் கிடந்தால் பயனில்லை. காமலாபுரம் நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் எண்ணிக்கையில் குறைவு. பயந்திருக்கிறார்கள். சங்கம் என்று பேசினால் மறுநாள் நுழைவு அட்டை பறிபோகும் என்று நினைக்கிறார்கள். அவர்களால் தனியாக நிற்க முடியாது. ஆனால் காண்டிராக்ட் முறை அவர்களுக்கு மட்டுமா? உருக்காலையில் இருக்கிறது, மின்வாரியத்தில் இருக்கிறது, ரயில்வேயில் இருக்கிறது, மாநகராட்சித் துப்புரவில் இருக்கிறது. சட்டை வேறு, சங்கிலி ஒன்று. 2019-ல் விற்பனைக்கு வைத்த சேலம் உருக்காலையின் விற்பனையை 2023-ல் சர்க்கார் கைவிட நேர்ந்ததே. ஆண்டுக்கணக்கில் ஆலை வாசலில் நின்ற தொழிலாளிகளின் உறுதிக்கு அதில் பங்கில்லையா?

ஆகவே, தோழர்களே, நான் கேட்பது மூன்று காரியம். நிலையத்தில் வேலை செய்யும் வாலிபர்கள் உங்கள் தெருவில், உங்கள் உறவில் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள். எந்தக் காண்டிராக்டரிடம், எத்தனை நாளாக, என்ன கூலிக்கு, சேமநிதி பிடிக்கிறானா கட்டுகிறானா என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். நிலம் பற்றிக் கவலைப்படும் விவசாயிகளையும் இந்தத் தொழிலாளிகளையும் ஒரே கூட்டத்தில் உட்கார வையுங்கள். நிலத்தைக் கேட்கிறவனும் கூலியைக் குறைக்கிறவனும் ஒருவனே என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். அடுத்த முறை ஒரு மந்திரி பச்சைக் கொடியோடு இங்கே வரும்போது, நாம் மேலே சொன்ன ஐந்து கோரிக்கைகளோடு வாசலில் நிற்கவேண்டும்.

விமானம் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்தால் ஊருக்குக் கட்டுப்பட்டு நிற்கட்டும். அதைத் தரையில் நின்று அனுப்புகிற தொழிலாளி நிரந்தரத் தொழிலாளியாக நிற்கட்டும்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!
காண்டிராக்ட் முறை ஒழிக!